விளையும் பூப்பருவமும்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லையூர்களின் மரப்பெயர் வழக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றைக் கடந்ததும் அமரவிளை என்னும் ஊர் வரும். அதனையடுத்து உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை ஆகியவை அமைந்துள்ளன. பின்னர்த் தமிழ்நாட்டின் தலைவாயிலாகிய களியக்காவிளை. மாநிலம் மாறுகிறது, கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது, ஊர்ப்பெயரின் ஈறு மாறவில்லை. 'விளை' என முடியும் பெயர்கள் எல்லைக்கோட்டின் இருபுறமும் விரவிக் கிடக்கின்றன.

தமிழகத்தின் பிற பகுதிகளில் விளை என்பது பெரிதும் வினையடியாகவே வழங்குகிறது. விளைதல், விளைச்சல், விளைநிலம் என்னும் அளவில் அதன் ஆட்சி நிற்கும். தென்திருவிதாங்கூரில் அது நிலவகையின் பெயர். நீர்ப்பாய்ச்சலுக்கு எட்டாத செம்மண் மேட்டில், வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, மா, அயனி, புளி, கமுகு, பனை ஆகியவை ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர, மரங்களில் நல்லமிளகுக் கொடி படர, இடைவெளியில் மரச்சீனியும் வாழையும் நிற்க, வேலியோரம் பூவரசும் முருங்கையும் செம்பருத்தியும் அமைய, இவை அனைத்தும் சேர்ந்ததே விளை. தோப்பு எனின் ஒருவகை மரமே நினைவுக்கு வரும். தோட்டம் எனின் மனிதன் வரிசைப்படுத்திய ஒழுங்கு தோன்றும். விளை இரண்டுமன்று. காட்டின் அடுக்கமைப்பும் வீட்டின் பயன்பாடும் கலந்த ஓர் இடைநிலை அது. மலையாளத்தின் வடக்கு வழக்குகளில் 'பறம்பு' என்னும் சொல் ஏறத்தாழ இப்பொருளைத் தரினும், தெற்கே விளை என்பதே ஊன்றி நின்றது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டிற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இயற்கையான அரண் எதுவுமில்லை. ஆறு பிரிக்கவில்லை, மலையும் பிரிக்கவில்லை. விளைகளின் வேலிகளே பல இடங்களில் மாநில எல்லையாக அமைந்தன. இதனால் ஒரே பலாமரம் இங்குத் தமிழ் மரமாகவும் அங்கு மலையாள மரமாகவும் கணக்கில் ஏறியது. அம்மரத்தின் பெயரும் அது பூக்கும் மாதத்தின் பெயரும் எந்த மொழிக்குரியவை என்னும் கேள்வி அப்போது எழவில்லை. பின்னர் எழுந்தபோது அதற்கு எளிய விடை கிடைக்கவில்லை.

மரமே முகவரி

இப்பகுதியின் இடப்பெயர்களில் மரம் பெறும் இடம் தனியே நோக்கத்தக்கது. பிலாமூட்டுக்கடை, புன்னமூடு, புளிமூடு என்றாற்போன்ற பெயர்களில் வரும் 'மூடு' என்பது மரத்தின் அடியைக் குறிக்கும். மரத்தடியில் கடை தோன்றி, கடையைச் சுற்றி ஊர் தோன்றி, மரம் வீழ்ந்த பின்னும் பெயர் எஞ்சுதல் இங்குப் பொதுநிகழ்ச்சி. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ள அம்மச்சிப்பிலாவு இவ்வகையில் வரலாற்றுப் புகழ் பெற்றது. பின்னாளில் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், பகைவரிடமிருந்து தப்பி அப்பலாவின் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழிச் செய்தி.

'பிலாவு' என்னும் வடிவத்தைக் கொச்சை என ஒதுக்குவார் உளர். அது பொருந்தாது. மா, பலா, கா முதலிய நெடில் ஈற்றுச் சொற்கள் வகர உகரம் பெற்று மாவு, பிலாவு, காவு என நிற்றல் மேலைக்கடற்கரை வழக்கின் ஒழுங்கான நடை. கா என்னும் பழந்தமிழ்ச் சொல் சோலையைக் குறிக்கும். தமிழகத்தின் பெரும்பகுதியில் அது பாட்டில் மட்டும் எஞ்ச, இங்கே நாகர்காவு, சர்ப்பக்காவு என நாள்தோறும் நாவில் புழங்குகிறது. காவில் கோடரி படுவதில்லை; சருகும் பூவும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். விளைகளில் இடம் பெறாத பல மரங்கள் காவில் ஒதுங்கிப் பிழைத்தன. சொல்லும் பொருளும் ஒரே இடத்தில் பாதுகாக்கப்பட்டன எனலாம்.

பலாவின் கனி இங்குச் சக்கை. தமிழகத்தின் பிறபகுதியினர் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் எஞ்சுவதை எண்ணி நகைப்பர். ஆயின் இச்சொல்லே மேலைக்கடற்கரையிலிருந்து போர்த்துக்கீசிய மொழிக்குச் சென்று 'ஜாக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தின் 'ஜாக்' ஆயிற்று. அவ்வாறே தாழையைக் குறிக்கும் சங்கச் சொல்லாகிய கைதை, 'கைதச்சக்கை' என்னும் தொடரில் அன்னாசிப் பழத்தின் பெயராக உயிர்வாழ்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பழத்திற்கு நெய்தல் நிலத்துச் சொல்லால் பெயரிட்ட மக்களின் மொழியறிவு வியக்கத்தக்கது.

பூ என்னும் காலஅளவு

நாஞ்சில் நாட்டிலும் அதனையடுத்த தென்திருவிதாங்கூர்ப் பகுதிகளிலும் நெல்லின் இருபோகங்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர் பெறும். சித்திரை, வைகாசியில் விதைத்துக் கன்னியில் (புரட்டாசியில்) அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிக் கும்பத்தில் (மாசியில்) அறுப்பது கும்பப்பூ. ஒருபோக நிலம் ஒருபூ நிலம்; இருபோக நிலம் இருபூ நிலம். கல்வெட்டுகளிலும் 'இருபூ' என்னும் ஆட்சி உண்டு. ஆகவே இது வட்டாரப் புதுமையன்று. பிற இடங்களில் 'போகம்' என்னும் வடசொல் வந்து மறைத்துவிட்ட பழைய வழக்கு. பூத்தல் என்னும் நிகழ்ச்சியே காலத்தை அளக்கும் கோலாக இருந்தமைக்கு இதனினும் தெளிவான மொழிச்சான்று வேண்டுவதில்லை.

மாதப்பெயர்களோ இரட்டை வழக்கில் உள்ளன. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது. தெற்கில் அதன் ஆண்டுப்பிறப்பு சிங்கமாதம். சிங்கம், கன்னி, துலாம் என ஞாயிறு நிற்கும் இராசியின் பெயராலேயே மாதங்கள் அழைக்கப்பெறும். திருநெல்வேலிச் சீமையிலும் பழைய ஆவணங்கள் கொல்லம் ஆண்டைக் குறித்தன. எல்லையூர் முதியோர் மேடத்தையும் சித்திரையையும் ஒரே மூச்சில் வழங்குவர். கடன் பத்திரத்துக்கு ஒன்று, கோயில் கொடைக்கு மற்றொன்று.

இவற்றினும் நுண்ணிய பகுப்பு ஞாற்றுவேலை எனப்படுவது. ஞாயிற்று வேளை என்பதன் திரிபாகக் கொள்ளப்படும் இது, ஞாயிறு ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும் பதின்மூன்று பதினான்கு நாளைக் குறிக்கும். ஆண்டுக்கு இருபத்தேழு. எந்த வேளையில் எதை நடுவது, எது பூக்கும், எப்பூ நிற்கும், எது உதிரும் என்பதெல்லாம் இக்கணக்கில் சொல்லப்பட்டன. சூன் பிற்பகுதியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலை மிளகு பூத்துக் காய்பிடிக்கும் காலம். விட்டுவிட்டுப் பெய்யும் மழைச்சாரல் பூந்தாதினைக் கொண்டு சேர்க்கும் என்பர். போர்த்துக்கீசியர் மிளகுக் கொடியைப் பறித்துக்கொண்டு போகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று சாமூதிரி அவையில் சொல்லப்பட்டதாக வழங்கும் கதை யாவரும் அறிந்தது. தமிழ்நாட்டில் இக்கணக்கு அழிந்துவிட்டது என்று கருதுவது முழுதும் சரியன்று. கத்திரிவெயில் அல்லது அக்கினி நட்சத்திரம் என நாளிதழ்கள் ஆண்டுதோறும் அறிவிப்பது, ஞாயிறு பரணியின் பிற்பகுதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து உரோகிணியைத் தொடும் காலத்தையே. இருபத்தேழில் எஞ்சிய துண்டு அது. நடுவதற்கும் பூப்பதற்கும் உரிய வேளைகள் மறக்கப்பட்டு, சுடும் வேளை மட்டும் நினைவில் நின்றது.

கொன்றையின் காலம்

எல்லையூர்ப் பூப்பருவத்தில் ஆய்வுக்கு மிகுதியாக இடந்தருவது கொன்றை. மலையாளத்தில் கொன்ன, விஷுக்கணிக்கு உரியதாதலின் கணிக்கொன்ன. கேரளத்தின் மாநில மலரும் அதுவே. மேடம் முதல்நாள் விடியலில் கண்விழித்ததும் காணவேண்டிய கணியில் கொன்றைக்கொத்து இன்றியமையாதது. குமரி மாவட்டத்திலும் சித்திரை விஷு இவ்வாறே கொண்டாடப்படுகிறது.

சங்க இலக்கியத்தில் கொன்றை கார்காலத்து மலர், முல்லைத்திணைக்கு உரியது. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பருவமல்லாத மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகக் கூறித் தோழி தலைவியை ஆற்றுவிக்கிறாள். தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்பது அவள் வாதம். பங்குனி, சித்திரையில் பூக்கும் மரத்தைக் கார்காலத்திற்கு உரியதாக்கியது எங்ஙனம் என்பது உரையாசிரியர் காலந்தொட்டுத் தொல்லை தரும் வினா. கொன்றை முதன்மையாக வேனிலில் பூப்பினும் மழைக்குப்பின் மறுபூப்புக் காண்பதும் உண்டு. மேலும் கார் என்பதை ஆவணி, புரட்டாசிக்கு உரியதாகக் கொள்ளும் வரையறை இருமழையும் பெறும் தென்கோடிக்கு அப்படியே பொருந்தாது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இடவத்தின் நடுவில் தொடங்கும். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்கு மழை ஐப்பசியில் இறங்கும். கோடைமழை இவ்விரண்டிற்கும் முன்னரே பங்குனியில் எட்டிப்பார்க்கும். எந்த மழையைக் கண்டு கொன்றை மயங்கிற்று என்று கேட்டால் எல்லையூர்க்காரர் தெளிவாக விடை கூற இயலாது. குறுந்தொகைத் தோழியின் வாதம் இம்மண்ணில் எக்காலத்தும் செல்லும்.

அண்மை ஆண்டுகளில் விஷுவிற்கு முன்னரே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறது என்னும் குறை கேரளமெங்கும் கேட்கிறது. பருவநிலை மாற்றத்தை உடனே காரணம் கூறுகின்றனர். இங்கு மற்றொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கொல்லம் ஆண்டு நட்சத்திரத்தை அடிப்படையாகக் கொண்டது; பருவங்களோ ஞாயிற்றின் சாய்வைப் பின்பற்றுபவை. இவ்விரண்டிற்கும் இடையே அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் வேறுபாடு விழுகிறது. கொல்லம் ஆண்டு தோன்றிய நாளிலிருந்து இதுவரை ஏறத்தாழ 17 முதல் 20 நாள் வரை மாதங்கள் பருவத்தைவிட்டுப் பின்தள்ளிப் போயுள்ளன. அன்று மேடம் முதல்நாள் பருவக்கணக்கில் இன்றைய மார்ச்சுப் பிற்பகுதியில் விழுந்திருக்கும். ஆகவே கொன்றை விஷுவை முந்துகிறது என்பதில் ஒருபகுதி, விஷு கொன்றையை விட்டுப் பின்னடைந்தது என்பதே. எனினும் இவ்விளக்கத்தை எல்லைமீறி நீட்டலாகாது. முதியோர் தம் இளமையோடு ஒப்பிட்டுக் கூறும் ஐம்பது ஆண்டு இடைவெளியில் இவ்வேறுபாடு ஒருநாளுக்கும் குறைவு. அவ்வளவில் அவர்கள் கண்ட மாற்றத்துக்குப் பஞ்சாங்கம் பொறுப்பாகாது. வெப்பத்திலும் மழையிலும்தான் காரணம் தேடவேண்டும்.

கொன்றை கொன்னையானது தனிநிகழ்வன்று. ஒன்று ஒன்னு எனவும் கன்று கன்னு எனவும் மலையாளத்தில் திரிந்த ஒலிவிதியே இங்கும் செயற்பட்டது. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். மலையாளத்தில் அதன் பெயர் மேந்தோன்னி. இதனுள் இருப்பது தோன்றி என்னும் பழந்தமிழ்ப் பெயர். குறிஞ்சிப்பாட்டின் நெடிய மலர்ப்பட்டியலில் காந்தளும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. பிற்கால அகராதிகள் ஒன்றாக்கின. ஒரு மாநிலத்தின் அரசுமலர் கொன்றையிலிருந்து கொன்னையாகவும், அண்டை மாநிலத்தின் அரசுமலர் தோன்றியிலிருந்து தோன்னியாகவும் ஒரே விதியால் திரிந்து நிற்பதை, மலர்களைத் தேர்ந்தெடுத்த அரசுகள் எண்ணியிருக்க மாட்டா.

ஏட்டில் ஏறிய பெயர்கள்

இப்பெயர்களை முதலில் விரிவாகப் பதிவுசெய்த நூல் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் துணையோடு 740க்கு மேற்பட்ட தாவரங்களைத் தொகுத்தார். அந்நூலில் கொன்னை 'கொன்னா' என்றும், மேந்தோன்னி 'மெந்தோனி' என்றும், அயனி 'அன்ஸ்யெலி' என்றும் உரோமன் எழுத்தில் உள்ளன. ஆஞ்ஞிலி என்பது கொச்சி வழக்கு. தெற்கே அது அயனி. மகிழம் அங்கே 'எலெங்கி'. இலஞ்சி என்னும் பெயரே இலின்னேயசால் ஏற்கப்பட்டு இன்று உலகெங்கும் அம்மரத்தின் அறிவியற்பெயரில் நிற்கிறது. வெட்சி 'ஸ்கெத்தி' என உள்ளது. செத்தி, தெச்சி, தெற்றி என இன்று பலவாறு வழங்கும் இப்பெயரைச் சங்கச் சொல்லாகிய செச்சையோடு இணைத்துப் பார்க்க இடமுண்டு. வெட்சிக்குச் செச்சை என்பது நிகண்டுகள் கூறும் மறுபெயர்.

மலையாளத் தாவரவியல் வரலாற்றில் இந்நூலுக்குரிய சிறப்பை எவரும் மறுக்கார். ஆயின் அது கொச்சியைச் சூழ்ந்த நிலத்தின் பதிவு. நெய்யாற்றின் தென்கரை அதில் அரிதாகவே ஒலிக்கிறது. தென்பகுதிக்கு நல்ல சான்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே கிடைத்தது. திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றிய போர்டில்லன் 1908இல் காட்டுமரங்களைப் பற்றியும், இராமராவ் 1914இல் பூக்கும் தாவரங்களைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டனர். அலுவலர்களுக்கு வேண்டியது மரத்தின் அடையாளமும் விலையும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் தமிழ், மலையாளம் என முத்திரை குத்துவது அவர்கள் காலத்து முறையாயிற்று. எல்லையூர் வழக்கு இவ்விருகூற்றுப் பகுப்பில் நழுவிப்போயிற்று. பிலாவு மலையாளப் பத்தியில் சேர்ந்தது. அதே சொல்லை விளவங்கோட்டுத் தமிழர் ஆள்வது பதிவாகவில்லை.

1837இல் சுவாதித்திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவப்பட்டது. 1852இல் பொறுப்பேற்ற புரூன் 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். வெப்பமும் காற்றழுத்தமும் காந்தப்புலமும் மணிதோறும் குறிக்கப்பட்டன. அம்மலையின் அடிவாரத்து விளைகளில் எந்த மரம் எந்நாளில் பூத்தது என்பதற்கு அத்தகைய ஏடு எழுந்ததில்லை. அது பேச்சில் இருந்தது. பேச்சு மாறியபோது உடன் சென்றது.

பூக்க விடாத மரமும் பூவில்லாத் தேனும்

கடற்கரையை ஒட்டிய கொல்லங்கோடு, பொழியூர்ப் பகுதிகளில் பனையே முதன்மை மரம். ஆண்பனை அலகுப்பனை, பெண்பனை பருவப்பனை. பாளை விரியுமுன் இடுக்கி நசுக்கிச் சீவி அக்கானி இறக்குவர். பதநீர் என்பது பொதுவழக்கு, இங்கு அக்கானி. பருவம் என்னும் சொல் மரத்தின் பெயரிலேயே இருக்கிறது, ஆயினும் பனையேறியின் திறம் பூவை மலரவிடாமல் நிறுத்துவதில் உள்ளது. தை, மாசியில் தொடங்கி ஆடிவரை நீளும் அவர் ஆண்டு, பூக்காத பூவின் ஆண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் ஏழிலைப்பாலை பூக்கும். அதன் கடுமணம் இரவில் வழிப்போக்கரை மயக்கும்; யட்சி அம்மரத்தில் உறைவாள் என்பது இருமாநிலத்துக்கும் பொதுவான அச்சம். கள்ளியங்காட்டு நீலியின் கதை இருமொழியிலும் வழங்குகிறது. தை, மாசியில் மாம்பூவும் கொல்லாம்பூவும். அயனியின் ஆண்கதிர் உதிர்ந்தால் அதனைத் 'திரி' எனப் பொறுக்கி உலர்த்திக் கொசுவிரட்டக் கொளுத்துவர். ஆவணியில் அத்தம் முதல் திருவோணம் வரை பத்துநாள் அத்தப்பூக்களம். தும்பையும் முக்குற்றியும் தெற்றியும் வேலியோரத்திலிருந்து பறிக்கப்பட்ட காலம் போய், தோவாளைச் சந்தையிலிருந்து செண்டுப்பூவும் வாடாமல்லியும் களியக்காவிளை வழியே வண்டிகளில் செல்கின்றன. ஓணம் கேரளத்திற்கு உரியது, பூ தமிழ்நாட்டிற்கு உரியது என்னும் பகுப்பு 1956க்குப்பின் சந்தை வகுத்தது.

விளைகளின் உருவத்தை மாற்றிய மரம் இரப்பர். 1902இல் திருவிதாங்கூரில் வணிக அளவில் நடப்பட்ட இம்மரம் பின்னர்த் தெற்கே பரவி, நெய்யாற்றின்கரையின் கிழக்குப் பகுதியையும் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களையும் பெருமளவில் நிறைத்தது. அடுக்கடுக்கான நிழல் போய் ஒரே மரத்தின் வரிசை நின்றது. இரப்பர் மார்கழி, தையில் இலையுதிர்த்து மாசியில் தளிர்க்கும். மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகமையம் பரப்பிய தேனீ வளர்ப்பு, தொடக்கத்தில் விளைகளின் பலமரப் பூக்களை நம்பியது. இன்று அப்பகுதித் தேனின் பெரும்பகுதி இரப்பரின் பூவிலிருந்து வருவதன்று. இளந்தளிரின் காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்திய அடுக்குத் தேனீக்களைப் பெருமளவு அழித்தது. பின்னர்க் கூட்டங்கள் மீண்டன. ஆனால் தேன் எடுக்கும் பருவத்தை இன்னமும் 'பூக்காலம்' என்பவர் உண்டு. பூவின்றித் தளிரில் தேன் வருங்காலத்துக்கு அச்சொல் நிலைத்திருப்பது மொழியின் பழம்பற்று.

2010ஆம் ஆண்டளவில் பெங்களூரிலிருந்து தொடங்கப்பட்ட 'சீசன்வாட்ச்' என்னும் மக்கள் அறிவியல் திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர் பெருந்தொகையினராகப் பங்கேற்று, குறித்த மரத்தை வாரந்தோறும் நோக்கித் தளிர், மொட்டு, பூ, காய் எனக் குறித்து வருகின்றனர். வானாய்வகம் விட்டுவைத்த ஏடு இவ்வாறு எழுதப்படத் தொடங்கியுள்ளது. அப்பதிவில் மரத்திற்கு அறிவியற்பெயரும் மாநிலமொழிப் பெயரும் போதும். அயனி, கைதை, சக்கை, கன்னிப்பூ ஆகியவற்றை வீட்டில் வழங்கும் பாட்டியர், எல்லையின் இருபுறமும் இன்னும் சிலர் உளர். நாள்குறிப்பேட்டில் வட்டார வழக்குக்கென ஒரு பத்தி சேர்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. பாறசாலைப் பள்ளியிலும் களியக்காவிளைப் பள்ளியிலும் அதே பத்தியை ஒரே ஆண்டில் நிரப்பினால், இரு பட்டியல்களும் எவ்வளவு ஒன்றாக அமைகின்றன என்பதை மாணவரே காண்பர்.